கடல் இல்லாத ஊருக்கு மீன்வளப் படிப்பு எதற்கு?

பங்குனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மூன்று வாரமே இருந்தது. எப்போதும் முன்வரிசையில் உட்காரும் மாணவி ஒருத்தி முதல் பாடவேளைக்கு வரவில்லை. இடைவேளை முடிந்து வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். ஏரியில மீனெல்லாம் செத்து மிதக்குது. யாரோ மருந்து கலந்துட்டாங்கன்னு அப்பா சொல்றாரு."

அவள் அப்பா இன்னும் இரண்டு பேருடன் கூட்டுச் சேர்ந்து ஊர் ஏரியின் மீன் பாசிக் குத்தகையை எடுத்திருந்தார். பணம் வட்டிக்கு வாங்கியது. ஏலத்தில் தோற்ற ஒருவர் மீது சந்தேகம். நண்பகலுக்குள் ஊரில் இரண்டு கட்சி உருவாகி, காவல் நிலையத்துக்குப் போகும் பேச்சும் எழுந்துவிட்டது.

"மருந்து கலந்தா இப்படித்தான் சாகுமா சார்?" என்று அந்த மாணவி கேட்டாள்.

"இருக்கலாம்மா" என்றேன். அரியலூர் மாவட்டத்தில் பதினெட்டு ஆண்டுகளாக உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துபவன் நான். அன்று நான் சொன்ன அந்த ஒற்றைச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது.

ஏரிக்கரையில் கேட்ட கேள்விகள்

மாலையில் ஏரிக்குப் போனேன். ஊர்த் திருவிழாவுக்காக வந்திருந்த எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவன் ஒருவன் கரையில் நின்றிருந்தான். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். அவன் யாரையும் குற்றம் சொல்லவில்லை. வரிசையாகக் கேள்விகள் கேட்டான்.

மீன் மிதந்ததை முதலில் எப்போது பார்த்தீர்கள்? விடியற்காலை, வெளிச்சம் வருவதற்கு முன்பே. எந்த மீன் செத்தது? கட்லா, ரோகு, மிர்கால். அதிலும் பெரிய மீன்கள்தான் முதலில். விரால், குறவை செத்ததா? அவை சேற்றோரமாக உயிரோடுதான் திரிகின்றன. தவளை, நத்தை? அவற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மூன்று நாளாக வானம் எப்படி இருந்தது? மூட்டமாக, காற்றே இல்லாமல். கடைசிக் கேள்வியை மாணவியின் அப்பாவைத் தனியாக அழைத்துக் கேட்டான்: எரு எப்போது போட்டீர்கள்?

"போன வாரம் ரெண்டு டிராக்டர் கோழி எரு கொட்டுனோம் தம்பி. மீன் சீக்கிரம் பெருக்கும்னாங்க."

பிறகு அவன் விளக்கினான். தண்ணீர் பாதிக்கும் கீழே வற்றிவிட்டது. எருவின் சத்தில் பாசி பெருகி ஏரி பச்சைப் பசேலென்று கிடக்கிறது. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து தண்ணீருக்குள் ஆக்சிஜனை விடும். இரவில் ஒளிச்சேர்க்கை கிடையாது. ஆனால் பாசியும் மீனும் எருவைச் சிதைக்கும் பாக்டீரியாவும் விடிய விடியச் சுவாசிக்கும். அதனால் கரைந்த ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும் நேரம் சூரியன் எழுவதற்குச் சற்று முன்னால்தான். மூட்டமான நாள்களில் பகலிலும் ஆக்சிஜன் போதிய அளவு சேர்வதில்லை. காற்று இல்லாததால் மேற்பரப்பு வழியாகக் கலப்பதும் குறைவு. கெண்டை இன மீன்கள் நலமாக வளர லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜன் வேண்டும். அது 2, 1 என்று இறங்கினால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும், பிறகு மிதக்கும். விராலும் குறவையும் காற்றையே நேரடியாகச் சுவாசிக்கக் கூடியவை, அதனால் பிழைத்துக்கொண்டன. நஞ்சு கலந்திருந்தால் அது விராலையும் விட்டு வைத்திருக்காது. நத்தையும் தவளையும் தப்பியிருக்காது.

"மிச்ச மீனையாவது காப்பாத்தலாம். எரு, தீவனம் ரெண்டையும் நிறுத்துங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு மேல டீசல் என்ஜின் வெச்சுத் தண்ணிய இறைச்சு ஏரிக்குள்ளேயே பீய்ச்சி அடிங்க" என்றான். அன்றிரவு அப்படியே செய்தார்கள். மறுநாள் மிதந்த மீன்கள் மிகச் சில. காவல் நிலையப் பேச்சும் அத்தோடு நின்றது.

திரும்பி வரும்போது, "இவ்வளவும் எப்படிப்பா தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "முக்காவாசி நீங்க நடத்துனதுதான் சார்" என்றான். அவன் சொன்னது உண்மை. ஒளிச்சேர்க்கையும் சுவாசித்தலும் பத்தாம் வகுப்புத் தாவரச் செயலியலில் இருக்கின்றன. வெப்பநிலை உயர்ந்தால் நீரில் வாயுக்கள் கரைவது குறையும் என்பது கரைசல்கள் பாடத்தில் இருக்கிறது. இரண்டையும் பதினெட்டு ஆண்டுகளாக நடத்தியவன், பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஏரியோடு அவற்றைச் சேர்த்துப் பார்த்ததில்லை.

அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது?

இளநிலை மீன்வள அறிவியல் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு, எட்டுப் பருவங்கள். மீன் பிடிக்கக் கற்றுத்தருவது என்று பலரும் நினைக்கிறோம். பிடிப்பது அதில் ஒரு சிறு பகுதி. வலை, தூண்டில், படகு ஆகியவற்றின் தொழில்நுட்பமும் கடற்பயணக் கலையும் அதில் அடக்கம். நன்னீரிலும் உவர்நீரிலும் மீன், இறால் வளர்ப்பது. மீன் தீவனம் தயாரிப்பது. மீன் நோய்களை அறிந்து தடுப்பது. ஏரி, ஆறு, கடல் ஆகியவற்றின் நீரியல். பிடித்த மீனைக் கெடாமல் உறைய வைப்பதும் பதப்படுத்துவதும். மீன்வளப் பொருளாதாரம், புள்ளியியல், சட்டம், விரிவாக்கக் கல்வி என்று பாடங்கள் விரியும். இறுதியாண்டில் மீனவர் ஊர்களிலும் பண்ணைகளிலும் தொழிற்கூடங்களிலும் தங்கிப் பயிற்சி பெற வேண்டும்.

இதில் மேலாண்மை என்பது எதை எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்ற கணக்கு. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை இருப்பது இந்தக் கணக்கின் பயனே. நம் ஏரிகளுக்கும் இது பொருந்தும். புதுவெள்ளத்தில் ஏறி வரும் சினைமீனை மதகிலும் கலிங்கிலும் மறித்து அள்ளிவிட்டால் அடுத்த ஆண்டு நாட்டுமீன் எங்கிருந்து வரும்? கொசுவலையால் அரித்துக் குஞ்சையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? கண்ணியின் அளவு குறித்து ஒரு மீன்வளப் பட்டதாரி பேசுவதும், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் "பொடிய விட்டுட்டு எடு" என்பதும் ஒன்றுதான்.

உள்நாட்டுக்குத்தான் வேலை அதிகம்

"நமக்குக் கடலே இல்லையே சார்" என்பது பெற்றோர் சொல்லும் முதல் தடை. தமிழ்நாட்டின் கடற்கரை 1,076 கிலோமீட்டர். அதில் ஒரு கிலோமீட்டர்கூடப் பெரம்பலூருக்கோ அரியலூருக்கோ கிடையாது. ஆனால் கடல் ஒரு காலத்தில் இங்கே இருந்தது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியின் பெரும்பரப்பைக் கடல் மூடியிருந்தது. சிமெண்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் நம் பிள்ளைகள் பொறுக்கி வரும் கல் நத்தையும் சிப்பியும் அந்தக் கடலில் வாழ்ந்தவை. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரமும் அக்காலத்தின் சான்று.

கடல் போனபின் நமக்கு வாய்த்தவை ஏரிகள். கங்கைகொண்ட சோழபுரத்தருகே முதலாம் இராசேந்திரன் வெட்டிய சோழகங்கத்தை, நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு குறிப்பிடுகிறது. புள்ளம்பாடி வாய்க்கால் நீரால் நிறையும் கரைவெட்டி ஏரி, பறவைகளின் புகலிடமாக 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. பாசனம், பறவை, மீன் மூன்றும் ஒரே நீரை நம்பியிருக்கும்போது யாருக்கு எவ்வளவு என்பதைச் சொல்லப் படித்தவர்கள் வேண்டும். இவை தவிர ஊருக்கு ஊர் ஏரி குளங்கள், அண்மைக்காலத்தில் வெட்டிய பண்ணைக்குட்டைகள்.

நாட்டின் நிலையும் இதையே காட்டுகிறது. 2022-23ஆம் ஆண்டில் இந்தியாவின் மொத்த மீன் உற்பத்தி 175 இலட்சம் டன்னைத் தாண்டியது. அதில் ஏறத்தாழ 131 இலட்சம் டன் உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்து வந்தது. நான்கு மீன் என்றால் மூன்று மீன் கடல் அல்லாத நீரிலிருந்து வருகிறது என்று வகுப்பில் சொல்லலாம்.

இந்த வளர்ச்சிக்குப் பின்னால் நம் பாடத்தோடு தொடர்புடைய ஒரு நிகழ்வு உண்டு. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும். தேங்கிய குளத்தில் இடுவதில்லை. எனவே வெகுகாலம் குஞ்சுகளை ஆற்றிலிருந்து வாரி எடுத்தே குளங்களில் விட்டார்கள். வேண்டாத மீன்களின் குஞ்சுகளும் அதில் கலந்துவரும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் டாக்டர் ஹீராலால் சௌத்ரியும் அவருடன் பணியாற்றியவர்களும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை மீனுக்கு ஊசி வழியாகச் செலுத்தி, அடைபட்ட நீரிலேயே அதை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளையே தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். பத்தாம் வகுப்பில் ஹார்மோன்கள் பாடம் நடத்தும்போது பிட்யூட்டரியை "தலைமைச் சுரப்பி" என்று சொல்லிக் கடந்துபோகிறோம். நம் ஊர்ச் சந்தையில் கட்லா மலிந்ததற்கும் அந்தச் சுரப்பிக்கும் உள்ள உறவைச் சொன்னால், அந்த வகுப்பில் ஒரு பிள்ளையும் தூங்காது.

கதவு எப்போது மூடுகிறது?

இனி என்னுடைய இன்னொரு தவற்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் ஒரு மாணவன் படித்தான். எந்த மீன் எந்த மாதம் எந்தத் துறையில் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தான். "கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுப்பா, வேலை கிடைக்கும்" என்று சொன்னவன் நான்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு மீன்வளப் படிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு என்னிடம் வந்தான். உயிரியல் படிக்காததால் அவனால் விண்ணப்பிக்க முடியவில்லை. கணிதம் படித்தோருக்கான மீன்வளப் பொறியியல் இருக்கிறது என்று அப்போது எனக்கே தெரியாது.

எனவே ஆசிரியர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான். இளநிலை மீன்வள அறிவியலுக்கு மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியல், விலங்கியல்) படித்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் நாம் சொல்லும் அறிவுரை காலம் கடந்தது. பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இந்தக் கதவு திறந்திருப்பதும் மூடுவதும் முடிவாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் இப்படிப்பைத் தொடங்கிய முதல் கல்லூரி தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி. தொடங்கிய ஆண்டு 1977. 2012இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே அமைந்தது. இன்று அது தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம். பொன்னேரியிலும் தலைஞாயிறிலும் அதன் கல்லூரிகள் உள்ளன. மீன்வளப் பொறியியலும் அங்கே கற்பிக்கப்படுகிறது.

சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் நடக்கிறது. நீட் தேர்வு தேவையில்லை. மருத்துவம் கிடைக்கவில்லை என்று மனம் உடைந்துபோகும் உயிரியல் பிரிவு மாணவர்களிடம் இதை உரிய நேரத்தில் சொல்வது நம் கடமை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி மீன்வளப் படிப்பிலும் 7.5 விழுக்காடு இடங்கள் உண்டு. அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. விண்ணப்பிக்கும் முறை மாறி வருகிறது. அண்மை ஆண்டுகளில் வேளாண்மைப் பட்டப்படிப்புகளோடு சேர்ந்த பொது விண்ணப்பமாகவும் வந்திருக்கிறது. ஆகவே தேர்வு முடிவு வரும் நாள்களில் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துச் சொல்ல ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் பொறுப்பேற்பது நல்லது. பொறியியல் கலந்தாய்வுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு இதை மறந்துபோகும் பிள்ளைகள் ஏராளம்.

சிரமங்களையும் சொல்ல வேண்டும்

ஏரிக்கரையில் பார்த்த அந்த முன்னாள் மாணவனிடம், பள்ளிக்கு வந்து பேசுமாறு கேட்டுக்கொண்டேன். அவன் இனிப்பாக மட்டும் பேசவில்லை. வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கும். முதல் பருவத்தில் மீன்களின் அறிவியல் பெயர்கள் மலைப்பாக இருந்தனவாம். ரோகுவை "லேபியோ ரோகிட்டா" என்றும் விராலை "சன்னா ஸ்ட்ரையேட்டா" என்றும் சுவரில் தமிழிலேயே எழுதி ஒட்டிவைத்து மனப்பாடம் செய்திருக்கிறான். முதன்முதலாகக் கடலில் படகேறிய அன்று வாந்தி எடுத்ததைச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். "மூணாவது தடவை சரியாயிடுச்சு" என்றான்.

வேலை உறுதியா என்று ஒரு மாணவன் கேட்டான். உறுதி என்று யாரும் சொல்ல முடியாது. வழிகள் பல உண்டு என்றான். மீன்வளத் துறையின் ஆய்வாளர் பணிக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியாகப் போட்டியிடலாம். பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வுக்கு மீன்வளப் பட்டமும் தகுதி. கடற்கரையோர இறால் பொரிப்பகங்கள், தீவன நிறுவனங்கள், ஏற்றுமதி மீன் பதனிடும் ஆலைகள் ஆகியவற்றில் தனியார் வேலை உண்டு. தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. மேற்படிப்புக்கு 1961 முதல் இயங்கும் மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் வரை போகலாம். சொந்த ஊரில் பண்ணை தொடங்குவோருக்கு 2020இல் தொடங்கிய பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் 40 விழுக்காடு மானியம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 விழுக்காடு. பெண்களும் இப்படிப்பில் நிறையச் சேர்கிறார்கள் என்று அவன் சொன்னதும் மாணவிகள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்தது.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

தொடக்க வகுப்புகளில், பிள்ளைகள் அறிந்த மீன்களின் பெயர்களைப் பட்டியலிடச் சொல்லலாம். அயிரை, கெளுத்தி, குறவை, ஆரா, உளுவை என்று நாம் மறந்த பெயர்களெல்லாம் வரும். பாட்டியிடம் கேட்டு வரச் சொன்னால் பட்டியல் இரட்டிப்பாகும்.

நடுநிலை வகுப்புகளில், ஒரு குளத்தில் கட்லா மேல் மட்டத்திலும் ரோகு நடுவிலும் மிர்கால் அடியிலும் உண்பதைப் படமாக வரையச் செய்யலாம். மூன்றையும் ஏன் சேர்த்து வளர்க்கிறார்கள் என்ற கேள்விக்கு விடையை அவர்களே சொல்லிவிடுவார்கள். உணவுச் சங்கிலிப் பாடம் அங்கேயே நிறைவேறும்.

ஒன்பதாம் வகுப்பின் பொருளாதார உயிரியல் பாடத்தில் மீன் வளர்ப்பு வருகிறது. அப்போது ஒரு தட்டில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசி, கயிறு கட்டி நீரில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று அளக்கலாம். சேறு கலங்காத குளத்தில் பச்சைத்தன்மை எவ்வளவு என்பதைக் காட்டும் இந்த அளவீட்டைக் கல்லூரியிலும் செய்கிறார்கள். கரைக்கு ஆசிரியர் உடன் செல்ல வேண்டும். படித்துறையைத் தாண்டி யாரும் இறங்கக் கூடாது. அளப்பதை ஆசிரியரே செய்து, பிள்ளைகள் குறித்துக்கொண்டால் போதும்.

பத்தாம் வகுப்பு முடியும் முன், பாடப்பிரிவுத் தேர்வு குறித்த பெற்றோர் கூட்டத்தில் எந்தப் பிரிவு எந்தப் படிப்புக்கு வழிவிடும் என்ற ஒரு பக்கப் பட்டியலைக் கொடுக்கலாம். அதில் மீன்வளம் என்ற ஒரு வரியும் இருக்கட்டும். எங்கள் பள்ளியில் இப்போது அந்தப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஆண்டு முழுவதும் ஒட்டி வைக்கிறோம்.

அந்த மாணவி தேர்வை நன்றாக எழுதினாள். பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கும் நாளில் அப்பாவோடு வந்தாள். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அவர், "உயிரியல் இருக்கற குரூப்ல போட்டுடுங்க சார். அந்தத் தம்பி படிச்ச படிப்பு இவளும் படிக்கட்டும்" என்றார். விண்ணப்பத்தில் அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது, "சார், விரால் காத்த சுவாசிக்குதுன்னா, அதுக்கு நுரையீரல் இருக்கா?" என்று கேட்டாள். இம்முறை "இருக்கலாம்மா" என்று சொல்லவில்லை. "எனக்குச் சரியா தெரியல; படிச்சுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றேன். நுரையீரல் இல்லை, செவுளுக்கு மேலே தலைக்குள் இருக்கும் தனி அறையில் காற்றை நிரப்பிக்கொள்கிறது என்று மறுநாள் சொன்னபோது, அதை அவள் குறிப்பேட்டில் படத்தோடு எழுதிக்கொண்டாள்.